பவளத் தொட்டியில் உயர்ந்த நைட்ரேட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்கத் தொடங்கி ஓராண்டு கடந்தவர்களிடம் பேசினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் நைட்ரேட்டில் வந்து நிற்கும். மீன்கள் நன்றாக நீந்துகின்றன, தண்ணீர் தெளிவாக இருக்கிறது, சோதனைக் குழாய் மட்டும் 50 பிபிஎம் என்கிறது. கீழுள்ள விடைகள் 100 முதல் 400 லிட்டர் வரையிலான வீட்டுத் தொட்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பிபிஎம் என்று வரும் இடங்களில் ஒரு லிட்டர் நீரில் உள்ள மில்லிகிராம் அளவு என்று கொள்க.

தொட்டிக்குள் நைட்ரேட் எங்கிருந்து வருகிறது?

கிட்டத்தட்ட முழுவதும் நாம் போடும் தீனியிலிருந்து வருகிறது. தீனியிலுள்ள புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். மீன் அதைத் தின்று பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் மீனின் கழிவும் அழுகி அதே அம்மோனியாவாகின்றன. பாறையிலும் மணலிலும் வாழும் நைட்ரசோமோனாஸ் போன்ற நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிஜன் உள்ள இடங்களில் நடக்கும் இந்த இரண்டு படிகளும் வேகமானவை. நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பும் மூன்றாவது படியோ ஆக்சிஜன் எட்டாத இடுக்குகளில் மட்டும், அதுவும் மெதுவாக நடப்பதால், வரவு விரைந்தும் செலவு தயங்கியும் நடந்து மீதி தொட்டியில் தங்கிவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தீனியின் பங்கு விளங்கும். 45 சதவீதம் புரதமுள்ள உலர்தீனி 1 கிராமில் ஏறத்தாழ 0.072 கிராம் நைட்ரஜன் இருக்கும். அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் 0.32 கிராம். தொட்டியில் 200 லிட்டர் நீர் இருந்தால் அந்த ஒரு கிராம் 1.6 பிபிஎம் ஏற்றம் தரும். நாளுக்கு ஒரு கிராம் என்றால் வாரத்துக்கு 11 பிபிஎம். மீனின் உடல் வளர்ச்சிக்கும், பாசிக்கும், நுரையால் அழுக்கைப் பிரிக்கும் கருவியான ஸ்கிம்மருக்கும் ஒரு பகுதி போய்விடுவதால் இவ்வளவும் சேராது. ஆனால் ஒரு கிராம் என்பது உள்ளங்கையில் ஒரு சிட்டிகைக்குச் சற்றுக் கூடுதல்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சமையலறைத் தராசில் ஒருமுறை தீனியை நிறுத்துப் பார்ப்பவர்களில் பலர் அன்றே அளவைக் குறைத்துவிடுவார்கள்.

எவ்வளவு இருந்தால் அதிகம் என்று கொள்ள வேண்டும்?

இயற்கைப் பவளத்திட்டின் மேற்பரப்பு நீரில் நைட்ரேட் பொதுவாக 0.2 பிபிஎம்முக்கும் கீழே இருக்கும். அந்த எண்ணைத் தொட்டியில் கொண்டுவர முயல்வது வீண் வேலை, சில வேளைகளில் ஆபத்தும்கூட. கடலில் நைட்ரேட் குறைவாக இருந்தாலும், பவளத்தின் மேல் நாள் முழுவதும் நுண்மிதவை உயிர்கள் உணவாக வந்து மோதிக்கொண்டிருக்கும். தொட்டியில் அந்த ஓட்டம் இல்லை.

நடைமுறையில், அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் (பவள உயிரி) கொண்ட கடினப் பவளங்களுக்கு 2 முதல் 10 பிபிஎம், யூஃபில்லியா போன்ற சதைப்பற்று மிகுந்த பவளங்களுக்கும் மென்பவளங்களுக்கும் 5 முதல் 20 பிபிஎம் என்று வைத்துக்கொள்ளலாம். காளான் பவளங்களும் பொத்தான் போன்ற சோவாந்திடுகளும் இதற்கு மேலும் தாங்கும். மீன் மட்டும் உள்ள தொட்டியில் 50 பிபிஎம் இருந்தாலும் பெரும்பாலான மீன்களுக்குப் பாதிப்பு தெரியாது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் போல நைட்ரேட் உடனே கொல்லும் நஞ்சு அன்று. ஆகவே 30 பிபிஎம்மில் பவளங்கள் விரிந்து, நிறம் குன்றாமல், வளர்ந்துகொண்டிருந்தால், அந்தத் தொட்டிக்காரர் எண்ணைப் பார்த்துக் கவலைப்படுவதைவிட, மாதாமாதம் அது ஏறுகிறதா நிலைத்திருக்கிறதா என்று பார்ப்பதே பயன் தரும். பவளம் பழுப்பேறுவது, கண்ணாடியில் இரண்டு நாளுக்கொருமுறை பாசி படிவது, பாறையில் நூற்பாசி தழைப்பது ஆகியவை சேர்ந்து வந்தால்தான் அளவு உண்மையில் மிகுந்துவிட்டது என்று பொருள்.

டெஸ்ட் கிட் காட்டும் எண்ணை நம்பலாமா?

நம்புவதற்கு முன் மூன்று செய்திகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது அலகு. சில கிட்களும் ஆய்வகங்களும் நைட்ரேட்டை நைட்ரஜனாகக் கணக்கிட்டுத் தருகின்றன. அந்த எண்ணை 4.43 ஆல் பெருக்கினால்தான் நாம் பேசும் நைட்ரேட் கிடைக்கும். ஒருவர் 10 என்றும் மற்றவர் 44 என்றும் சொல்லி வாதிடும்போது, இருவரும் ஒரே அளவைத்தான் சொல்கிறார்கள் என்பது பல நேரங்களில் கடைசியில் தெரியவரும்.

இரண்டாவது நைட்ரைட்டின் குறுக்கீடு. வீட்டில் பயன்படுத்தும் பெரும்பாலான கிட்கள் நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றி, பிறகு அந்த நைட்ரைட்டுக்கு நிறமேற்றிக் காட்டுகின்றன. நைட்ரேட்டில் ஒரு சிறு பகுதிதான் அப்படி மாறும் என்ற கணக்கில் நிற அட்டை அச்சிடப்பட்டிருக்கும். எனவே தொட்டியில் ஏற்கெனவே சிறிது நைட்ரைட் இருந்தால்கூட அது பல மடங்கு நைட்ரேட்டாகத் தோன்றும். தொட்டி தொடங்கிய முதல் சில வாரங்களில் 100 என்று காட்டினால் பதறாமல் நைட்ரைட்டையும் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது கண். இளஞ்சிவப்புக்கும் அதற்கு அடுத்த கட்டத்துச் சிவப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு டியூப்லைட் வெளிச்சத்தில் ஒருவகையாகவும், தொட்டியின் நீல விளக்கருகே முற்றிலும் வேறாகவும் தெரியும். பகல் வெளிச்சத்தில், சன்னலோரம், வெள்ளைத் தாளின் மேல் குழாயை வைத்துப் பார்ப்பது நல்லது. நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. தொட்டி நீர் ஒரு பங்கும், டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) சுழியமான நீர் நான்கு பங்கும் கலந்து சோதித்து, வந்த எண்ணை 5 ஆல் பெருக்க வேண்டும். கையடக்க ஒளிமானிகள் கண்ணின் தடுமாற்றத்தைத் தவிர்க்கின்றன, ஆனால் அவற்றிலும் கண்ணாடிக் குப்பியில் கைரேகையோ காற்றுக் குமிழோ இருந்தால் எண் தவறிவிடும். எந்தக் கிட் ஆனாலும், தூளைப் போட்டுக் குலுக்கும் நொடிகளையும் காத்திருக்கும் நிமிடங்களையும் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் கடைப்பிடித்தால், எண் மிகத் துல்லியமாக இல்லாவிட்டாலும் ஏற்ற இறக்கம் சரியாகத் தெரியும்.

வாரந்தோறும் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறேன். ஏன் குறையவில்லை?

குறையாது, அது கணக்கிலேயே இருக்கிறது. உங்கள் தொட்டியில் வாரத்துக்கு 5 பிபிஎம் சேர்கிறது, புதிய நீரில் நைட்ரேட்டே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத மாற்றம் இருப்பதில் பத்தில் ஒரு பங்கை எடுக்கும். 50 பிபிஎம் இருக்கும்போது எடுப்பது 5, சேர்வதும் 5. ஆகவே தொட்டி 50 இல் வந்து நின்றுவிடும், அதே பழக்கம் தொடரும்வரை அங்கேயே நிற்கும். 20 சதவீதம் மாற்றினால் நிற்கும் இடம் 25. தீனியைப் பாதியாகக் குறைத்து 10 சதவீதமே மாற்றினாலும் அதே 25 தான். உப்பு விற்கும் விலையில் இந்த இரண்டில் எது மலிவு என்று சொல்லத் தேவையில்லை.

ஒரே முறையாகப் பெரிய அளவில் மாற்றிக் குறைக்கலாமே என்றால், அதற்கும் எல்லை உண்டு. 50 இல் இருக்கும் தொட்டியில் 20 சதவீதமாக மூன்று முறை மாற்றினால் 40, 32, 25.6 என்று இறங்கும். தண்ணீர் மாற்றம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதை இறக்குவதற்கு நல்ல கருவி. சேர்வதைத் தடுக்கும் கருவி அன்று. மேலும், பெரிய மாற்றம் செய்யும்போது புதிய நீரின் வெப்பமும் உப்படர்த்தியும் மட்டுமல்லாமல் காரத்தன்மையும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். சில உப்புக் கலவைகளைக் கலந்தால் காரத்தன்மை 11 அல்லது 12 டிகேஹெச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) வரும். தொட்டி 8 இல் இருக்கும்போது அந்த நீரைப் பாதியளவு ஊற்றினால் அக்ரோபோராவின் நுனிகள் வெளுக்கும், பழி நைட்ரேட்டின் மேல் விழும்.

நான் பயன்படுத்தும் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்குமா?

தமிழ்நாட்டில் இது முதலில் கேட்க வேண்டிய கேள்வி. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம் வரை இடம் தருகிறது. அதாவது அந்தத் தரப்படி குடிக்கத் தகுந்த நீர், பவளத் தொட்டிக்கு 45 பிபிஎம் நைட்ரேட்டைச் சுமந்துகொண்டு வரலாம். கழிவுநீர்த் தொட்டிகளுக்கும் உரமிட்ட வயல்களுக்கும் அருகிலுள்ள போர்வெல்களில் அளவு அதற்கு மேலும் போகும். இந்த நீரை ஆவியாதலை ஈடுகட்ட நாள்தோறும் ஊற்றினால், நீர் ஆவியாகப் போய்விடும், நைட்ரேட் மட்டும் தங்கிச் சேரும். கோடையில் மூடியில்லாத 200 லிட்டர் தொட்டி நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் இழப்பது இயல்பு என்பதால் இந்த வரவு சிறியதன்று.

வீட்டில் குடிநீருக்காக வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரம் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் போதாது. குடிநீர் இயந்திரங்களில் சுவைக்காக வடிகட்டாத நீரைச் சிறிது கலக்கும் டி.டி.எஸ். கட்டுப்பாட்டுத் திருகோ, தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் குப்பியோ இருக்கும். அவற்றைத் தவிர்த்தாலும், ஆர்.ஓ. சவ்வு மற்ற பல உப்புகளைத் தடுக்கும் அளவுக்கு நைட்ரேட்டைத் தடுப்பதில்லை. டி.டி.எஸ். 1000 உள்ள போர்வெல் நீர் சவ்வைத் தாண்டி 50 அல்லது 80 ஆக வெளிவரும்போது அதில் நைட்ரேட்டும் ஒரு பங்கு இருக்கும். இருபது லிட்டர் கேன் தண்ணீரும் இதே வகைதான். ஒவ்வொரு கேனிலும் ஓர் எண் காட்டும். சவ்வுக்குப் பின் அயனி நீக்கும் ரெசின் குப்பி ஒன்றைச் சேர்த்து, டி.டி.எஸ். மானியில் 0 வரும் நீரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். மானி 2 அல்லது 3 காட்டத் தொடங்கினால் ரெசின் தீரப்போகிறது. தீர்ந்த ரெசின் தான் பிடித்து வைத்திருந்தவற்றில் சிலவற்றை மொத்தமாக விடுவிப்பதும் உண்டு.

ஸ்பாஞ்சும் பயோபாலும் நைட்ரேட்டை உண்டாக்குகின்றன என்பது உண்மையா?

பாதி உண்மை. பயோபால் என்னும் பிளாஸ்டிக் வடிகட்டிப் பந்து புதிதாக நைட்ரஜனைப் படைப்பதில்லை; தீனியில் வந்ததைத்தான் மாற்றுகிறது. பாறையின் மேற்பரப்பில் நைட்ரேட் உண்டானால் அதில் ஒரு பகுதி சில மில்லிமீட்டர் உள்ளே ஊடுருவி, ஆக்சிஜன் அற்ற அடுக்கில் வாயுவாகிவிடும் வாய்ப்பு உண்டு. காற்றோட்டமான பிளாஸ்டிக் பந்தின் மேல் உண்டானால் நேரே நீரில் கலந்துவிடும். வேறுபாடு அவ்வளவே.

கழுவாமல் விடப்படும் ஸ்பாஞ்சும், அழுக்கைப் பிடிக்கும் துணிப்பையான வடிபையும் வேறு விதமாகக் கெடுக்கின்றன. வடிபையை நான்காம் நாள் வெளியே எடுத்து வெள்ளை வாளியில் பிழிந்து பாருங்கள். டீத்தூள் நிறத்தில் வழியும் அந்தச் சேறு, அதுவரை தொட்டி நீர் இடைவிடாமல் கடந்து போன பாதையிலேயே அழுகிக்கொண்டிருந்தது. மூன்று நான்கு நாளுக்கொருமுறை மாற்ற முடியாதவர்கள் வடிபையே இல்லாமல் தொட்டியை நடத்துவது மேல். கேனிஸ்டர் எனப்படும் மூடிய டப்பா வடிகட்டி வைத்திருப்பவர்கள் மாதக்கணக்கில் அதைத் திறக்காமல் விடுவதுதான் நான் பார்க்கும் உயர் நைட்ரேட் தொட்டிகளில் அடிக்கடி தென்படும் காரணம்.

பாறையின் பின்புறமும் இதே கதைதான். மோட்டாரின் ஓட்டம் எட்டாத மூலையில் பெரிய ரப்பர் பீச்சியால் ஒருமுறை நீரைப் பீச்சினால், சாம்பல் நிறப் புகைபோல ஒன்று எழுந்து தொட்டி முழுவதும் பரவும். வாரந்தோறும் தண்ணீர் மாற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்பு இதைச் செய்து, மிதப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டால், அதே 10 சதவீத மாற்றம் முன்பைவிடக் கூடுதலாக வேலை செய்யும்.

பெரிய ஸ்கிம்மர் வாங்கினால் நைட்ரேட் குறையுமா?

ஸ்கிம்மர் நைட்ரேட்டை எடுப்பதில்லை. குமிழின் மேற்பரப்பில் ஒட்டும் தன்மையுள்ள கரிமப் பொருள்களை, அவை அழுகி அம்மோனியாவாகும் முன்பே கோப்பைக்குள் தள்ளுகிறது. எனவே அது வரவைக் குறைக்கும், இருப்பைத் தொடாது. கழுத்துக் குழாயில் கொழுப்புப் படிந்தால் நுரை ஏறாது. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை அதைத் துடைப்பது, புதிய ஸ்கிம்மர் வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய வேலை.

வினிகர் அல்லது வோட்கா ஊற்றிக் குறைக்கலாம் என்கிறார்களே, அது எப்படி?

நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்து, கரிமம் குறைந்திருக்கும்போது நுண்ணுயிரிகள் பெருக முடியாமல் நிற்கின்றன. அவற்றுக்கு எளிதில் செரிக்கும் கரிமத்தைக் கொடுத்தால் அவை பெருகி, தம் உடலைக் கட்டுவதற்காக நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொள்கின்றன. ஒரு பகுதி ஸ்கிம்மர் வழியாக வெளியேறுகிறது, ஒரு பகுதியைப் பவளமும் கடற்பஞ்சும் உண்கின்றன. பெருகிய நுண்ணுயிரிகள் ஆக்சிஜனைத் தீர்ப்பதால் பாறையிடுக்குகளில் நைட்ரேட் வாயுவாகும் வேலையும் முடுக்கம் பெறுகிறது. நன்றாக இயங்கும் ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் இந்த முறையைத் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து.

நம் ஊரில் வினிகர்தான் வசதி. மளிகைக் கடையில் கிடைக்கும் நிறமற்ற செயற்கை வினிகரில் அசிட்டிக் அமிலம் பெரும்பாலும் 4 சதவீதம் இருக்கும். புட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கேரமல் நிறமேற்றியதும் ஆப்பிள் வினிகரும் வேண்டாம். 40 சதவீத வோட்கா 1 மில்லிக்கு 4 சதவீத வினிகர் ஏறத்தாழ 10 மில்லி ஈடாகும். தொட்டியில் உள்ள நீர் ஒவ்வொரு 100 லிட்டருக்கும் நாளொன்றுக்கு 1 மில்லி வினிகரில் தொடங்கி, வாரத்துக்கொருமுறை அதே அளவு கூட்டிக்கொண்டு போகலாம். நைட்ரேட் இறங்கத் தொடங்கும் அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். விரும்பிய எண் வந்த பிறகு பாதிக்கும் குறைவான அளவே அதை நிலைநிறுத்தப் போதும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எந்த மாற்றமும் தெரியாமல் இருப்பது வழக்கம். பொறுமையிழந்து அளவை இரட்டிப்பாக்குகிறவர்கள்தான் அடுத்த வாரம் பால்போலக் கலங்கிய தொட்டியைப் படமெடுத்து அனுப்புகிறார்கள்.

கலங்குவது அழகுக் குறை மட்டுமன்று. அத்தனை நுண்ணுயிரிகளும் மீனின் ஆக்சிஜனைப் பங்குபோடுகின்றன. மே மாதத்துச் சென்னையில் குளிரூட்டி இல்லாத தொட்டி எளிதாக 30 பாகையைத் தாண்டும். வெப்பம் ஏற ஏற நீரில் ஆக்சிஜன் கரைவது குறையும். அதன்மேல் இரவில் மின்வெட்டும் சேர்ந்தால் விடியும்போது மீன்கள் மேற்பரப்பில் வாய்திறந்து நிற்கும். ஆகவே வினிகர் ஊற்றும் காலத்தில் மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்க வேண்டும், கலங்கலைக் கண்டால் வினிகரை அன்றே நிறுத்த வேண்டும். வினிகர் அமிலம் என்பதால் பிஹெச்சைச் சற்று இறக்கும். விளக்கு எரியும் காலை நேரத்தில், ஓட்டம் மிகுந்த இடத்தில், சொட்டுச் சொட்டாக விடுவது முறை. குழாய்களின் உள்ளே வெண்மையான வழுவழுப்பு படிந்தால் அது நுண்ணுயிர்ப் படலம். அளவு எல்லையைத் தொட்டுவிட்டது என்பதற்கான அடையாளம்.

கரிமத்தை மெல்ல விடும் சிறு உருளைகளாக விற்கப்படும் பயோபெல்லட்டுகளும் இதே தத்துவம்தான். கரிமத்தை எவ்வளவு தருகிறோம் என்பது நம் கையில் இல்லை என்பதால் நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

வினிகர் ஊற்றியும் நைட்ரேட் அசையவில்லை. ஏன்?

பாஸ்பேட்டைச் சோதியுங்கள். உயிரின் உடலில் கரிமமும் நைட்ரஜனும் பாஸ்பரசும் ஏறத்தாழ 106:16:1 என்ற அணு விகிதத்தில் இருக்கின்றன என்று கடல் மிதவை உயிர்களை ஆராய்ந்த ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு கண்டறிந்தார். நுண்ணுயிரிகளின் விகிதம் சற்று மாறுபடும், ஆனாலும் பாஸ்பரஸ் இல்லாமல் எந்த உயிரணுவும் பிறக்காது. பாசிக்குப் பயந்து இரும்பு ஆக்சைடு வடிபொருளை நிறையப் போட்டுப் பாஸ்பேட்டைச் சுழியத்தில் வைத்திருப்பவர்களின் தொட்டியில் நைட்ரேட் 40 இல் உறைந்து நிற்பது இதனால்தான். அந்த வடிபொருளை எடுத்துவிட்டு, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை வர விட்டாலே பல தொட்டிகளில் நைட்ரேட் தானாக இறங்கத் தொடங்கும்.

நைட்ரேட் மிகுந்தும் பாஸ்பேட் இல்லாமலும் இருக்கும் நிலை பவளத்துக்கே கேடு. பவளத்தின் உள்ளே வாழும் பாசி நைட்ரஜனைக் கொண்டு பெருகிக்கொண்டே போகும், ஆனால் பாஸ்பரஸ் பஞ்சத்தால் அதன் சவ்வுகள் வலுவிழந்து, ஒளியும் வெப்பமும் கூடும்போது பவளம் வெளுத்துவிடும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த யோர்க் வீடன்மான் குழுவினர் இதை ஆய்வகத்துத் தொட்டிகளில் காட்டி 2013 இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் எழுதினார்கள். இரண்டும் சற்று மிகுந்திருக்கும் தொட்டியைவிட, ஒன்று மலைபோலவும் மற்றொன்று சுழியமாகவும் இருக்கும் தொட்டிக்கே ஆபத்து அதிகம்.

80 பிபிஎம் இருக்கிறது. எவ்வளவு வேகமாகக் குறைக்கலாம்?

ஏறுவதற்கு எடுத்துக்கொண்ட மாதங்களை மனத்தில் வைத்து இறக்குங்கள். 80 இலிருந்து 40 வரை தண்ணீர் மாற்றத்தால் மூன்று நான்கு வாரங்களில் இறங்கினால் பெரும்பாலான பவளங்கள் தாங்கும். அதன் கீழே வாரத்துக்கு 5 பிபிஎம்முக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. மிகுந்த நைட்ரேட்டில் பழகிய பவளத்தின் உள்ளே பாசி அடர்ந்திருக்கும். உரம் திடீரென்று நின்றால் அது அடர்த்தியைக் குறைத்துக்கொள்ளும்போது பவளம் வெளிறும், சில அக்ரோபோராக்களின் அடியிலிருந்து திசு உரியத் தொடங்கும்.

கீட்டோ பாசி வளர்த்தால் போதுமா?

முதன்மைத் தொட்டியோடு இணைந்த துணைத்தொட்டியான சம்ப்பில் ஒரு அறையை ஒதுக்கி, கீட்டோமார்ஃபா என்னும் கம்பிச்சுருள் போன்ற பச்சைப் பாசியை நல்ல விளக்கின் கீழ் வளர்ப்பது நான் அறிந்தவற்றில் மிகச் சாதுவான வழி. பாசி நைட்ரேட்டைத் தன் உடலாக்கிக்கொள்கிறது. நாம் அறுத்து வெளியே எறியும்போதுதான் அது தொட்டியை விட்டுப் போகிறது. அறுக்காமல் விட்ட பாசிப் பந்தின் நடுப்பகுதி வெளிச்சமின்றி அழுகி, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். முதன்மை விளக்கு அணைந்த பின் சம்ப் விளக்கு எரியுமாறு வைத்தால் இரவில் பிஹெச் இறங்குவதும் ஆக்சிஜன் குறைவதும் மட்டுப்படும். கௌலெர்பா வகைப் பாசிகள் விரைவாக வளர்ந்தாலும், இனப்பெருக்க நேரத்தில் ஒரே இரவில் கரைந்து நீரைப் பச்சையாக்கிவிடும் பழக்கம் உள்ளவை, தவிர்க்கலாம். அலையாத்திக் கன்று வைத்தால் குறையுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். மிக மெதுவாக வளர்வதால் எண்ணில் எதுவும் தெரியாது.

லைவ் ராக்கும் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பாறை) ஆழமான மணலும் சேர்த்தால்?

துளை மிகுந்த பாறையின் உட்புறமும், 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள நுண்மணலின் கீழடுக்கும் நைட்ரேட்டை வாயுவாக்கும் இடங்கள். புதிதாகத் தொட்டி அமைப்பவருக்கு ஆழமணல் நல்ல தேர்வு. ஓடும் தொட்டியில் பிறகு சேர்ப்பதும், பழைய ஆழமணலைக் கிளறுவதும் ஆபத்து; அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிவரும்.

பாறையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடினப் பவளங்கள் 2001 முதல் உள்ளன. மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று சொல்லி யாராவது பவளப் பாறையை விற்றால், அது உயிருள்ளதாயினும் காய்ந்ததாயினும் வாங்கக்கூடாது. அங்குள்ள 21 தீவுகளும் 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. சுட்ட மண்ணாலோ சிமென்டாலோ செய்த துளைப்பாறைகள் கிடைக்கின்றன. நுண்ணுயிர் குடியேறச் சில மாதங்கள் ஆகும், அதன் பிறகு குறையொன்றும் இல்லை.

நைட்ரேட் உறிஞ்சும் ரெசின் வாங்கலாமா?

நன்னீர்த் தொட்டிக்கு விற்கப்படும் ரெசின் கடல்நீரில் பயன்படாது. அதைப் புதுப்பிப்பதற்கே உப்புநீரில் ஊறவைக்கச் சொல்வார்கள்: குளோரைடு மிகுந்த நீரில் அது பிடித்ததை விட்டுவிடும். கடல்நீரில் அது எப்போதுமே விட்டுவிடும் நிலையில்தான் இருக்கிறது.

கந்தக ரியாக்டர்?

கந்தக மணிகள் நிரப்பிய குப்பி வழியே நீரை மெல்லச் செலுத்தும் இந்தக் கருவி வேலை செய்யும், வலுவாகவே செய்யும். கந்தகத்தை உண்ணும் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் நீரோட்டத்தைச் சொட்டளவில் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், காரத்தன்மை குறையும், ஓட்டம் நின்றால் நச்சு வாயு உண்டாகும். மீன் மிகுந்த பெரிய தொட்டிக்குப் பொருந்தும்; 200 லிட்டருக்குத் தேவையில்லை.

நைட்ரேட் ஏறும் காலத்தில் காரத்தன்மையும் இறங்குகிறது. தொடர்பு உண்டா?

உண்டு. அம்மோனியா நைட்ரேட்டாகும்போது அமிலம் பிறக்கிறது. வாயுவாகாமல் 50 பிபிஎம் நைட்ரேட் சேர்ந்தால் அதன் வழியே ஏறத்தாழ 2.3 டிகேஹெச் காரத்தன்மை செலவாகியிருக்கும். நைட்ரேட் வாயுவாகும்போது அது திரும்பக் கிடைக்கும். அதனால் வினிகர் முறை நன்றாக இயங்கத் தொடங்கிய வாரங்களில், வழக்கமாக ஊற்றும் கார மருந்தைச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கலாம். நைட்ரேட் மிகக் குறைந்த தொட்டியில் காரத்தன்மையை 7 முதல் 8.5 டிகேஹெச்சுக்குள் வைத்திருப்பது நுனிகள் கருகாமல் காக்கும்.

நைட்ரேட் சுழியத்துக்கு வந்துவிட்டது. நல்லதுதானே?

இல்லை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்து சுழியமாகும் தொட்டிகளில்தான் டைனோ எனப்படும் பழுப்பு நிறச் சளி, குமிழ்கள் தொங்க மணலிலும் பாறையிலும் படர்கிறது. மற்ற பாசிகளும் நுண்ணுயிரிகளும் பட்டினி கிடக்கும்போது போட்டியில்லாமல் அவை பெருகுகின்றன. ஆஸ்ட்ரியாப்சிஸ் போன்ற சில வகைகள் நஞ்சுள்ளவை, நத்தைகள் செத்து விழும். நூற்பாசியை ஒழிப்பதைவிட டைனோவை ஒழிப்பது பல மடங்கு கடினம். கரிமம் கொடுப்பதை நிறுத்துங்கள், தீனியைக் கூட்டுங்கள். அதற்கும் ஏறாவிட்டால் தூய சோடியம் நைட்ரேட்டைக் கரைத்து நாளுக்கு 1 பிபிஎம் ஏறும்படி கொடுக்கலாம். 200 லிட்டருக்கு ஏறத்தாழ 0.27 கிராம் போதும். குறைக்கப் பணம் செலவழித்தவரே ஏற்றவும் செலவழிக்கும் இந்தக் காட்சி பவளம் வளர்ப்போரிடம் அரிதன்று.

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் தீனி போடச் சொல்லலாமா?

சொல்லலாம், டப்பாவை மட்டும் கொடுக்காதீர்கள். மீன் பசியோடிருப்பதாக எண்ணிக் கொட்டிவிடுவது அன்பினால்தான், ஆனால் ஒரு வாரத்தில் 20 பிபிஎம் ஏறிவிடும். வாரநாள் அச்சிட்ட மாத்திரைப் பெட்டியில் நாளுக்கான தீனியை நிறுத்துப் போட்டு, அதை மட்டும் ஒப்படையுங்கள். மூன்று நாள் பயணம் என்றால் வளர்ந்த கோமாளி மீன்களுக்கு ஏற்பாடே தேவையில்லை. ஆந்தியாஸ் போல நாளுக்குப் பலமுறை உண்ணும் மீன்கள் இருந்தால் தானியங்கித் தீனிப்பெட்டி வைக்கலாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அதை ஓடவிட்டு, ஒரு சுற்றில் எத்தனை மணிகள் விழுகின்றன என்று தாளில் கொட்டி எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். சம்ப்பிலிருந்து எழும் ஈரத்தில் தீனி கட்டிபட்டு, ஒரே நேரத்தில் மொத்தமாக விழும் வாய்ப்பு உண்டு என்பதால், பெட்டியை ஈரம் நேராகப் படாத விளிம்பில் பொருத்த வேண்டும்.